எட்டாம் கடைக்கு உப்பு பார்த்த நாட்கள்

பிப்ரவரி 18, புதன்

காலையும் மாலையும் நான்கு பொருட்களை முகர்ந்து பார்த்து, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நோட்டு அதற்குத்தான்.

எலுமிச்சை – இல்லை. கிராம்பு – இல்லை. பன்னீர் – இல்லை. தைலம் – மூக்கு எரிகிறது. எரிவது வாசனை ஆகாதாம்.

போன செப்டம்பரில் வந்த காய்ச்சல், போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கு மட்டும் மிச்சம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மற்றபடி சாம்பாருக்கும் ரசத்துக்கும் இப்போது எனக்கு ஒரே வித்தியாசம்தான், ஒன்று கெட்டி, ஒன்று தண்ணி.

இன்று கிடங்கு திறப்பு விழா. பிரெஞ்சுக்காரன் காலத்து நெல் கிடங்கு, புதுச்சேரியில் துறைமுகத்துப் பக்கம் ஆலமரம் முளைத்துக் கிடந்தது. நாலு வருஷம் சுண்ணாம்பு அரைத்துப் பூசி, தேக்கு உத்தரங்களை எண்ணெய் போட்டுத் துடைத்து, உள்ளே உணவுச் சந்தை ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு கடைகள், நடுவில் நீள மேசைகள். பழைய சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது என்று உத்தரவு. வேளாங்கண்ணி மாதா படத்தை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். கடைக்கும் கடைக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு.

என்னுடையது ஏழாம் எண். சவரிராயன், மீன் அசாது. சோம்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிகிற எங்கள் ஊர்க் குழம்பு. போன ஆகஸ்டில் நடந்த தேர்வில் அறுபது பேர் சமைத்ததில் என் அசாதுக்கு இடம் கிடைத்தது. இருபத்தாறு வருஷ விடுதிச் சமையலுக்குப் பிறகு எனக்கென்று ஓர் அடுப்பு. அந்த மூக்கு ஜெயித்த கடையில் இந்த மூக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே யாருக்கும் சொல்லவில்லை. நாற்பது நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர ஒப்பந்தம் என்கிறார் மேலாளர் பார்கவி.

எட்டாம் கடை ஜெய்த்தூன் என்கிற அம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் கடை, நாலு நல்ல வார்த்தை சொல்லிவைப்போம் என்று, அவர் வெங்காயம் வதக்கும்போது, "வாசன ஆளத் தூக்குதும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரிக்கவும் இல்லை. கொஞ்சம் கர்வம் பிடித்தவர் போலிருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

எலுமிச்சை – லேசாக. மற்றவை இல்லை.

ஜெய்த்தூன் அம்மாளுக்கு இன்று முதல் நோன்பு. இந்த மாதம் முழுக்கக் கஞ்சிதானாம் அவர் கடையில். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி எல்லாம் போட்டுப் பெரிய தேக்சாவில் காய்ச்சுகிறார். நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் தூக்குவாளியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

நாலு மணிக்குத் தடுப்புக்கு மேல் ஒரு கரண்டி நீண்டது.

"அண்ணே, கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்றீங்களா? நாக்கு நுனியில வச்சுத் துப்பிடலாம்பாங்க. எனக்கு மனசு ஒப்பல."

முகர்ந்து பார்க்கச் சொல்கிறாரோ என்று ஓர் அடி பின்வாங்கினேன். பிறகுதான், கேட்டது உப்பைத்தானே என்று நினைவு வந்தது. அதை நான் சொல்லிவிடுவேன்.

"ஒரு கை கம்மி" என்றேன்.

போட்டார். மறுபடி ஒரு கரண்டி கொடுத்தார். சரியாக இருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு சமையலைப் பற்றி உண்மையாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

தவக்காலத்து முதல் வெள்ளி. எனக்குச் சுத்தபோசனம், கறி தொடக்கூடாது. கரண்டி நீண்டபோதுதான் உறைத்தது. கொத்துக்கறி மிதக்கிறது.

"இன்னைக்கு எனக்கு ஆகாதேம்மா."

அவருக்கு நோன்பு, எனக்குச் சுத்தபோசனம். பத்தாம் கடையில் பழச்சாறு போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு "சூப்பர்" என்றார். அவருக்கு எல்லாமே சூப்பர்தான். கஞ்சி உப்புக் கரித்ததாக வாங்கிப்போனவர்கள் சொன்னார்களாம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எலுமிச்சை – லேசாக. கிராம்பு – லேசாக.

நான் சமைக்கிற விதம் இப்போது இதுதான். கடுகைக் காதால் கேட்கிறேன், வெங்காயத்தைக் கண்ணால் பார்க்கிறேன், மீனைக் கடிகாரத்தைப் பார்த்து இறக்குகிறேன். விடுதியில் முந்நூறு பேருக்குக் கைக்கணக்கில் போட்டவன், இப்போது சோம்பைத் தேக்கரண்டியில் தட்டையாக வழித்துப் போடுகிறேன். வந்தவர்கள் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

எட்டாம் கடை அம்மாளுக்கு வாய் ஓயமாட்டேன் என்கிறது. "அண்ணே, சோம்பு கிளம்பிடுச்சு." "அண்ணே, மசாலா பச்ச வாசம் போயிடுச்சு, தேங்காப்பால் ஊத்தலாம்ல?" "அண்ணே, உங்க பூண்டு லேசா புடிக்குது." தன் தேக்சாவைக் கிண்டிக்கொண்டே என் சட்டிக்கு வர்ணனை கொடுக்கிறார். பசியில் அடுத்த வீட்டுச் சமையல் மூக்கைத் துளைக்கும்போலிருக்கிறது. பொறுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

நாலு மணிக்குக் கரண்டி நீண்டது. "இன்னைக்கு வெள்ளிக்கிழம" என்று பின்வாங்கினேன்.

"தெரியும்ணே. வெறும் காய்தான் போட்டிருக்கேன். கேரட்டு, பீன்ஸு. பயப்படாம பாருங்க."

நான் ஒருத்தன் உப்பு பார்ப்பதற்காக ஒரு தேக்சா கஞ்சியைக் கறியில்லாமல் காய்ச்சியிருக்கிறார். வாங்க வந்தவர்கள் கறி எங்கே என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கிழம இப்புடித்தான்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் எலிசாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ளகிட்டயாவது உண்மையச் சொல்லுங்களேன்" என்றாள். என் மனைவியிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பாள்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று கோபம். மேசை துடைக்கப் போய்த் திரும்பினால், ஜெய்த்தூன் அம்மாள் தடுப்புக்கு மேல் எக்கி, என் அடுப்பில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா இது, என் அடுப்புல?"

"ஒண்ணுமில்லண்ணே. திருகு ஒரு மாதிரி இருந்துச்சு."

அவரவர் அடுப்பை அவரவர் பார்த்துக்கொண்டால் போதும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். தன் தேக்சாவைக் கிண்டப் போய்விட்டார். அடாவடி. இருபத்தாறு வருஷத்தில் என் அடுப்பை இன்னொருவர் தொட்டதில்லை. ஆனாலும் நாலு மணிக்குக் கரண்டி வழக்கம்போல் நீண்டது. உப்பு சரியாக இருந்தது, சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

காய்க் கஞ்சி. இன்னும் நாலு கல் உப்பு போட்டால் போதும் என்றேன். இந்தக் கஞ்சிக்கென்றே வெள்ளிக்கிழமை வர ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கோயிலில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிற இரண்டு பேரும் வந்து வாங்கிப்போனார்கள்.

மார்ச் 9, திங்கள்

எலுமிச்சை – லேசாக. கிராம்பு – லேசாக. பன்னீர் – லேசாக.

டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். "நல்ல முன்னேற்றம்" என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஜெய்த்தூன் அம்மாள் இன்று வரவில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். எட்டாம் கடை மூடியிருந்தது. யாரும் காதருகில் வர்ணனை கொடுக்கவில்லை, நிம்மதியாகச் சமைத்தேன்.

காலையில் பிழிந்த தேங்காய்ப்பாலைக் குளிர்பெட்டியில் வைத்ததாகத்தான் நினைவு. சாயங்காலச் சமையலுக்கு எடுக்கப் போனபோது பாத்திரம் தடுப்போரம் வெளியேதான் இருந்தது. மார்ச் மாத வெக்கை. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன், லேசாகப் புளித்தது. காலையில் எலுமிச்சை பிழிந்த கரண்டியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழம்பில் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்தேன். புளிப்பு கச்சிதமாக வந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆறு தட்டு போயிற்று. முதல் மேசையில் ஒரு குடும்பம். அந்தப் பெண் குழந்தை ஒரு வாய் வைத்து அங்கேயே வாந்தி எடுத்தது. அப்பா தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவரே, இத நீங்க மோந்து பாத்தீங்களா இல்லியா?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. தூண் ஓரம், தினமும் வருகிற ஓய்வுபெற்ற தபால்காரர், என் மனம் நோகக்கூடாதென்று பாதி சாப்பிட்டுவிட்டு, மீதியை இலையால் மூடிவிட்டுப் போயிருந்தார்.

பார்கவி ஓடி வந்தார். "என்ன சார் ஆச்சு?"

"தேங்கா சரியில்லம்மா" என்றேன்.

தேங்காய் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

ஜெய்த்தூன் வந்ததும் வராததுமாக என் கடைக்குள் வந்து, கவிழ்த்திருந்த சட்டிமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"உங்களுக்கு மூக்கு எப்பலேருந்துண்ணே இல்ல?"

என் கையிலிருந்த துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். செப்டம்பரிலிருந்து என்றேன். மீதியை அவரே சொன்னார்.

"மொத நாளே தெரியும்ணே. அன்னைக்கு அந்தப் புது அடுப்புல தீ வைக்கத் தெரியாம என் வெங்காயம் கருகிப்போச்சு. கெடங்கு பூரா தீஞ்ச நாத்தம். எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்து, வாசன ஆளத் தூக்குதும்மான்னீங்க. நக்கல் பண்றீங்களோன்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா அப்புடித் தெரியல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வாய் வரல உங்களுக்கு. வரும்போது வரட்டும், அதுவரைக்கும் நம்ம மூக்கு சும்மாதானே கெடக்குன்னு..." நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த அடுப்புத் திருகுதாண்ணே எனக்குப் பயம். ரெண்டு தடவ சரியா மூடாம கெடந்துச்சு. கேஸ் வாட வந்துச்சு. மேல பூரா தேக்கு மரம். நான் இல்லாத அன்னைக்கு என்னா பண்ணுவீங்க?"

பழைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் தேதி "அடாவடி" என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். சோம்பு கிளம்பிவிட்டது, பூண்டு பிடிக்கிறது, பச்சை வாசம் போய்விட்டது என்று அவர் சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது. வாய் ஓயவில்லை என்று எழுதிய கை இதுதான். வெறும் வயிற்றோடு, தொண்டை வறள, எனக்காகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் "லேசாக" என்று எழுதியது எல்லாமே பொய். ஒரு நாளும் எதுவும் தெரியவில்லை.

நாலு மணிக்குக் கரண்டி நீண்டது. காய்க் கஞ்சி. உப்பு சரி.

மார்ச் 14, சனி

பார்கவியிடம் போய்ச் சொன்னேன். மூக்கு, காய்ச்சல், தேங்காய்ப்பால், அடுப்புத் திருகு, எல்லாம். ஜெய்த்தூன் துணைக்கு வருகிறேன் என்றார். வேண்டாம், இது நான் தனியாகச் சொல்ல வேண்டியது என்றேன்.

பார்கவிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாலு வருஷம் இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்துக் கட்டியவர். முகம் சிவந்துவிட்டது.

"சாப்பாட்ட விடுங்க சார். கேஸ் லீக் ஆகியிருந்தா? உள்ள எத்தன பேரு, எத்தன குழந்தைங்க? எப்படி சார் மறைக்கத் தோணுச்சு உங்களுக்கு?"

"கட போயிடுமேன்னு பயம்மா" என்றேன். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஏழாம் கடை அடுப்புக்குப் பூட்டு. சந்தை நிர்வாகக் குழு கூடி முடிவு சொல்லுமாம்.

மார்ச் 16, திங்கள்

எலுமிச்சை – இல்லை. கிராம்பு – இல்லை. பன்னீர் – இல்லை. தைலம் – எரிகிறது.

அடுப்பில்லாத கடையில் எனக்கு என்ன வேலை என்று வீட்டிலேயே இருந்தேன். மூன்றரைக்கு எலிசா சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "அந்தப் புள்ள கஞ்சிக்கு உப்பு பாக்க ஆளில்லாம நிக்கும். போங்க."

போனேன். தேக்சாவுக்குப் பக்கத்தில் கரண்டி கழுவித் தயாராக இருந்தது.

மார்ச் 18, புதன்

குழு முடிவு வந்துவிட்டது. எல்லாக் கடைக்கும் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி பொருத்தப்போகிறார்கள். அதுபோக, நான் இனித் தனியாக அடுப்பு பற்றவைக்கக்கூடாது. பக்கத்துக் கடைக்காரர் சம்மதித்து, ஏழும் எட்டும் ஒரே சமையலறை என்று இருவரும் எழுதிக் கொடுத்தால், தடுப்பை எடுத்துவிட்டு ஒப்பந்தம் போடலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஏழாம் கடை வேறு ஒருவருக்கு.

"உங்க அசாது இங்க இருக்கணும்னு எனக்கும் ஆசைதான் சார். ஆனா அவங்களக் கட்டாயப்படுத்த முடியாது" என்றார் பார்கவி. அன்றைக்குக் கோபித்தவர் குழுவில் எனக்காக இவ்வளவு பேசியிருக்கிறார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜெய்த்தூனிடம் பார்கவியே விஷயத்தைச் சொன்னார். தேக்சாவைக் கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "பெருநாள் முடியட்டும்மா, சொல்றேன்" என்றார்.

நியாயம்தான். இந்த மாதம் அவருக்கு என் நாக்கு தேவைப்பட்டது. பெருநாளுக்குப் பிறகு அவர் உப்பை அவரே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மூக்கில்லாதவனுக்குக் காலம் பூராவும் காவல் இருக்க வேண்டும் என்று யாருக்குத் தலையெழுத்து? நான் கேட்கப்போவதில்லை. இதுவரை செய்ததே என் ஆயுசுக்குப் போதும்.

மார்ச் 20, வெள்ளி

கடைசிக் கஞ்சி. கறியில்லாதது. உப்பு பார்த்துவிட்டுக் கரண்டியை நானே கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 21, சனி. பெருநாள்

ஜெய்த்தூன் வீட்டிலிருந்து பிரியாணியும் சேமியாவும் வந்தன. எலிசா பதிலுக்கு ரவை கேக் செய்து அனுப்பினாள். பிரியாணியில் எனக்குத் தெரிந்தது உப்பும் காரமும்தான். இரண்டு தட்டு சாப்பிட்டேன். யார் கை சமைத்தது என்று தெரிந்து சாப்பிடும்போது அதுவே நிறைவாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

பாத்திரங்களை எடுத்து வரலாம் என்று கிடங்குக்குப் போனேன். மாதா படத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். எட்டாம் கடையில் பருப்புத் தால்ச்சா கொதித்துக்கொண்டிருந்தது. பகலில் ஜெய்த்தூன் தேநீர் குடித்து இன்றுதான் பார்க்கிறேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினார். அவ்வளவுதான், குடித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று குனிந்து பையின் வாயைக் கட்டினேன்.

நிமிர்ந்தால் கரண்டி தடுப்புக்கு மேல் நீண்டிருந்தது.

"இந்தாங்கண்ணே. உப்பு பாருங்க."

"நோன்புதான் முடிஞ்சுபோச்சே ஜெய்த்தூன். நீயே பாக்கலாமே?"

"எனக்கு முடிஞ்சுபோச்சு. உங்க மூக்கு இன்னும் நோன்புலதானேண்ணே இருக்கு? அது நோன்பு தொறக்குற வரைக்கும் இப்புடியே ஓடட்டும். சீக்கிரம் பாருங்க, கை வலிக்குது."

பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததில் நாக்கிலிருந்தது எந்த உப்பு என்று முதலில் பிடிபடவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

மூன்று மணிக்கு ஆசாரி வந்து தடுப்புப் பலகையைக் கழற்றினார். எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் ஜெய்த்தூன் காலையிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாராம், என் இடம் மட்டும்தான் காலி. பார்கவி பேனாவை நீட்டினார். மாதா படத்தைப் பிரித்து மறுபடி மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்தேன். டப்பா இப்போது இரண்டு கடைக்கும் நடுவில் இருக்கிறது.

எலுமிச்சை – இல்லை. கிராம்பு – இல்லை. பன்னீர் – இல்லை. தைலம் – எரிகிறது, அவ்வளவுதான்.

தால்ச்சா – உப்பு ஒரு கல் கம்மி. சொன்னேன். போட்டார்.